ஏழாம் கட்டம்

ஜனவரி 9

அக்கா,

ஆழ்ந்த வருத்தத்துடனும் நனைந்த கால்சட்டையுடனும் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை ஏழு பத்துக்கு நம் வீட்டுக் குளியலறை வாளியின் கைப்பிடி, பதினோரு வருடம் குறைசொல்ல முடியாதபடி உழைத்த பிறகு, என் கையிலேயே பிராணனை விட்டது. அன்னாரின் இடத்தை இனி யாராலும் நிரப்ப முடியாது என்று அம்மா அறிவித்தாள். அவள் வாயால் சொன்னது, "புது வாளியெல்லாம் கிடையாது, கயித்தைக் கட்டிக்கோ." கயிறு கட்டும் விழா மாலை நாலு மணிக்கு எளிமையாக நடந்தேறியது. நீ வராதது ஒன்றுதான் குறை.

இனி, சில்லறைச் செய்திகள்.

அப்பாவின் மருந்தகப் பலகை இறங்கிவிட்டது. சுகாதார ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றபடியே ஒரு தாளை வாசித்தார்கள். புதுச் சட்டப்படி, மருத்துவர் பட்டியலில் நம்பர் இல்லாதவர் பலகை மாட்டக் கூடாது, ஊசி போடக் கூடாது, நோயாளியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர், டாக்டர் செத்த பிறகு பதினெட்டு வருஷமாக அவர் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தே இந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டார் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. கம்பவுண்டரைக் காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வந்தவர்களிடம் திருப்புளி இல்லை. அப்பாவே உள்ளே போய் எடுத்துவந்து, ஸ்டூலில் ஏறி, நாலு திருகாணியையும் கழற்றிப் பலகையை அவர்கள் கையில் கொடுத்தார்.

அடுத்தது என் புகழ் பற்றியது. நாடு முழுக்க வைத்தியத் திட்டம் வருகிறதல்லவா, வீட்டுக்கு வீடு ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமல்லவா, அதற்கு ஃபாரம் எழுதும் வேலையை எங்கள் கடைசி வகுப்பின் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு நம் தெரு, நாற்பத்தாறு வீடு. ஏழாம் கட்டத்தில் 'இதுவரை உங்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்'. எட்டாம் கட்டத்தில் 'இனி நீங்கள் விரும்பும் மருத்துவர்'. இரண்டே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று வாத்தியாரிடம் சவால் விட்டிருக்கிறேன்.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள் அம்மா. அவர் விசாரிக்கவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்கே தெரியும். சிரிக்காதே.

வாலு


ஜனவரி 17

டேய் வாலு,

வாளிக்கு என் அனுதாபம். பலகை இறங்கியதைச் சில்லறைச் செய்தியில் போட்டாய் பார், பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

எனக்குக் கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது. பாஸானால் பட்டியலில் ஒரு நம்பர், அவ்வளவுதான், அதற்காக ஆறு வருஷம். நேற்று மருத்துவத் தொழிலின் வரலாறு என்று ஒரு வகுப்பு. பரீட்சைக்கு வராது என்பதால் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. முதலில் பட்டாளத்துக்கு மட்டும் டாக்டர் இருந்தாராம். கொள்ளைநோய் வந்து, ஊர்க்காரனோடு சேர்ந்து பட்டாளத்துக்காரனும் செத்ததும்தான் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டத் தோன்றியதாம். டாக்டர் போதவில்லை. பதினோரு பேரைப் பிடித்து உட்காரவைத்து மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்துக் காயம் கட்ட அனுப்பினார்கள். அவர்கள் இன்னும் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பல்கலைக்கழகம் வந்தது, பட்டம் வந்தது. பட்டம் வந்த அன்றைக்கே பட்டம் இல்லாதவர்கள் எல்லாரும் 'அரை டாக்டர்' ஆனார்கள். பிறகு பட்டியல். முதல் பட்டியல் உன் பள்ளி நோட்டு அளவுதானாம். அதில் பெண் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒருத்தி.

பேராசிரியர் இதையெல்லாம் மாடிப்படி ஏறுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அப்பா எந்தப் படியில் நிற்கிறார் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். வகுப்பு முடிந்துவிட்டது.

நவம்பரில் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வாரம் என் வார்டுக்கு ஒரு குழந்தை வந்தது. வேறு ஊரில் ஒரு கம்பவுண்டர் பெரியவர்களுக்கான அளவைக் கொடுத்திருந்தார். பிழைக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "உங்களை மாதிரி ஆளுங்களை முதல்லயே நிறுத்தியிருக்கணும்" என்றுவிட்டேன். 'உங்களை மாதிரி' என்று சொல்லியிருக்க வேண்டாம். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாரே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று மட்டும் கேள். ஏழாம் கட்டத்தில் விளையாடாதே. இந்த நாட்டில் யார் யாருக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று பின்னால் யாராவது தேடினால், அவர்களுக்கு அந்தக் கட்டம்தான் கிடைக்கும்.

அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று எழுது.

அக்கா


ஜனவரி 28

அக்கா,

நாற்பத்தாறு வீடும் முடிந்தது. இரண்டு நாள் என்றேன், ஐந்து நாள் ஆனது. அறிவாளிகளுக்கு இப்படித் தாமதம் ஆவது உண்டு.

உன் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்கச் சொன்ன வரலாற்றை நான் ஒரே தெருவில் முடித்துவிட்டேன். கேள். ஏழாம் கட்டத்துக்குத் தையல்காரர் சொன்ன பதில்: சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவாரே ஒரு தாடிக்காரர், அவர்தான். பெயர் என்ன என்றால் 'தாடி' என்கிறார். முழுப் பெயர் கேட்டேன். 'நீளத் தாடி' என்றார். மூன்றாம் வீட்டுத் தாத்தாவுக்குப் பட்டாளத்தில் காயம் கட்டின ஒருத்தர். சளி பிடித்தாலும் கட்டுத்தான் போடுவாராம். முடிவெட்டும் அண்ணனே பல்லும் பிடுங்குவதாக நாலு வீட்டில் சொன்னார்கள். எந்த நாற்காலியில் எது நடக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உட்கார வேண்டுமாம். பெரிய டீச்சர் மட்டும் தன் மாமியார் பெயரைச் சொன்னார். அவர் நல்லா பார்த்துக்கிட்டாரா என்று கேட்டேன். அவங்க போனப்புறம்தான் எனக்கு உடம்பு தேறிச்சு என்றார்.

எட்டாம் கட்டத்தில் ஒரே குழப்பம். டாக்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு வருஷத்துக்கு இத்தனை தடவை நோய் வந்தே ஆக வேண்டுமா என்று ஒருத்தர். புருஷனுக்கு ஒரு டாக்டர், பெண்டாட்டிக்கு ஒரு டாக்டர் என்றால் வீட்டில் சண்டை வந்தால் யார் யார் பக்கம் என்று ஒருத்தர். தேர்ந்தெடுத்த டாக்டருக்கே காய்ச்சல் வந்தால் அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று நானே கேட்டுக்கொண்டேன். வாத்தியாருக்கும் பதில் தெரியவில்லை. இலக்கண வகுப்பில் மாத்திரை கணக்கிடச் சொல்லிக் கொடுத்தவர் இந்த மாத்திரையில் தடுமாறிவிட்டார்.

எல்லாரையும் என் நாவன்மையால் சமாளித்தேன். எட்டாம் கட்டத்தில் உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

அப்பா சாப்பிடுகிறார். மற்ற நேரத்தில் வீட்டைப் பெருக்குகிறார்.

வாலு


பிப்ரவரி 20

தம்பி,

வாலு என்று கூப்பிட வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்த அன்றே மருத்துவக் கவுன்சிலிலிருந்து கடிதம். நம் தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எட்டாம் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். 'கடைசி வருடம், மருத்துவக் கல்லூரி' என்று பக்கத்தில் விவரம் வேறு. பட்டியலில் அந்தப் பெயருக்கு நம்பர் இல்லையே என்று குமாஸ்தா தேடிக்கொண்டு கல்லூரிக்கே எழுதிவிட்டார்.

டாக்டராக வருகிறவள் நோயாளிகளைத் தேடி ஆள் பிடிக்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது, வீட்டார் மூலமாகக்கூடச் செய்யக் கூடாது. அது இந்தத் தொழிலின் விதி. நம்பர் வாங்கும் முன்னாலேயே இருநூறு பேரைப் பிடித்துவைத்தவள் என்று என்மேல் குற்றம். மார்ச் 15 விசாரணை. என் பதில் அவர்களுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் பாஸானாலும் நம்பர் கிடையாது. கிடையாது என்றால் ஒரு வருஷத்துக்கா, எப்போதுமேவா என்று கேட்டேன். ஆபீசில் ஒருத்தர் ஒரு வருஷம் என்றார், இன்னொருத்தர் எப்போதுமே என்றார்.

ஆச்சரியம் என்றாயே, இதுதானா? எதற்கு இப்படிச் செய்தாய்? நீதான் செய்தாயா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தபால் பார்த்தவுடன் பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

ஆமாம், நான்தான். முழுக்க முழுக்க நான். இதில் வேறு ஒருத்தருக்கும் பங்கு இல்லை, பெருமையில் பங்கு கொடுக்கவும் மாட்டேன்.

கவுன்சிலுக்கு இப்படியே எழுதிவிடு: என் தம்பி ஒரு போக்கிரி, பதினாறு வயது, போன வருஷம் பள்ளி மணியைக் கழற்றி ஒளித்துவைத்து மதியம் வரை ஒரே பாடம் நடக்கவைத்தவன், அவன் விளையாட்டுக்காக என் பெயரை எழுதிவிட்டான், எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் உண்மை, மணி உட்பட. விளையாட்டு என்றால் ஃபாரத்தைக் கிழித்துப்போட்டு முடித்துவிடுவார்கள். என்னை என்ன செய்வார்கள்? ஹெட்மாஸ்டர் கூப்பிடுவார். அவர் அறைக்கு நான் புதுசா என்ன? அங்கே எனக்கென்றே ஒரு மூலை தேய்ந்து கிடக்கிறது.

எப்படிச் செய்தேன் என்று கேட்டால் இதையும் எழுது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சரடு விட்டேன். தையல்காரரிடம் நீ சட்டையைக் கழற்றாமலே நெஞ்சைச் சோதிக்கும் வித்தை படிப்பதாகச் சொன்னேன். பெரிய டீச்சரிடம் நீ கசப்பில்லாத மருந்து கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். நம் வீட்டு ஃபாரத்தில்தான் முதலில் உன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டேன். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாளைக்கு நாடே சொல்லும்.

சீக்கிரம் எழுதி அனுப்பிவிடு. யோசிக்காதே. நீ யோசித்தால்தான் எல்லாம் கெடும்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

வாலு


மார்ச் 5

தம்பி,

நீ சொன்னபடியே எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். தபாலில் போடுவதற்கு முன் ஒரு தடவை அந்த ஃபாரங்களைப் பார்த்துவிடலாம் என்று கவுன்சில் ஆபீசுக்குப் போனேன். பழுப்புக் கயிற்றால் கட்டிய கட்டு. குமாஸ்தா மேசை ஓரத்தில் அரை மணி நேரம் பார்க்கவிட்டார்.

தாடிக்காரர் எங்கேடா? பல் பிடுங்கும் அண்ணன் எங்கே, டீச்சரின் மாமியார் எங்கே? என் பெயர் எழுதிய தாள் அத்தனையிலும் ஏழாம் கட்டத்தில் ஒரு கோடு. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரே நீளத்தில் கோடு. நம் தெருவில் இதுவரை யாருக்கும் யாரும் வைத்தியம் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

அது உன் கையெழுத்தும் இல்லை. மருந்துக் குப்பியில் 'கலக்கிக் குடிக்கவும்' என்று ஒட்டியிருக்கும் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? சின்னதாக, நிமிர்ந்து, ஒன்றோடொன்று தொடாமல் நிற்கும் எழுத்து. அதை எனக்குத் தெரியாதா?

ஓரத்தில் இருக்கும் வெற்றிடத்தில் பென்சிலால் இன்னும் பொடியாக எழுதியிருக்கிறது. தையல்காரருக்கு, 'சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும்'. பெரிய டீச்சருக்கு, 'சர்க்கரை. கால் விரல் இடுக்கைப் பார்க்கவும், தானாகக் காட்ட மாட்டார்'. மூன்றாம் வீட்டுத் தாத்தாவுக்கு, 'காது கேட்காததுபோல இருப்பார், கேட்கும்'. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும். படித்துக்கொண்டே போனேன். யாருக்கு எழுதியது என்று புரிந்தபோது குமாஸ்தா தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது என்ன செய்வது? விளையாட்டு என்று எழுதினால் எனக்கு நம்பர் கிடைக்கும், இந்தத் தாள்கள் குப்பைக்குப் போகும், பொய் சொல்லிப் பட்டியலில் ஏறியவள் ஆவேன். உண்மையை எழுதினால் ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்தே சாட்சி. பதினெட்டு வருஷம் நம்பர் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று அப்பாவைப் பிடிப்பார்கள். எழுதாமலே இருந்தால் என் பெயர் போகும். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

ஒட்டிய உறையைப் பிரித்துவிட்டேன். விசாரணை 15ஆம் தேதி, காலை பத்து மணி, கவுன்சில் கட்டடம், மாடி. அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுது. ஜோக் வேண்டாம்.

அக்கா


மார்ச் 17

தம்பி,

நீ எழுதவில்லை. அதற்குப் பதில் அப்பா வந்தார்.

பதினைந்தாம் தேதி காலையில் நான் மாடி ஏறும்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடியில் பை. நாலு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறோம். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அவ்வளவுதான் பேசினோம், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீளமேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், தலைவர். இந்தத் தாள்களை எழுதியது யார் என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா எழுந்து நின்று, நான்தான் என்றார். மகள் எழுதச் சொன்னாளா என்று கேட்டார்கள். அப்பா சொன்னார்: "அவ எங்கிட்டப் பேசியே நாலு மாசம் ஆச்சுங்க."

ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். நான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தையை அப்படியே, அவர் பக்கத்திலேயே நின்று திரும்பச் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பனை அப்படிப் பேசிவிட்டு வந்தவள் அவரை வைத்து ஆள் பிடித்திருக்க மாட்டாள் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் பேசிய மோசமான வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

பிறகு தலைவர் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஓரத்தில் இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, இவர்களைப் பதினெட்டு வருஷம் பார்த்தது நீங்கள்தானே, ஏழாம் கட்டத்தில் ஏன் கோடு போட்டீர்கள் என்றார். சட்டத்துக்குப் பயந்தா என்றும் கேட்டார்.

அப்பா சொன்னார்: "அந்தக் கட்டத்துல மருத்துவர்னு போட்டிருக்குங்க. நான் மருத்துவர் இல்லையே."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். தலைவர் அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நாற்காலியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று நின்றுகொண்டே இருந்தார்.

தீர்ப்பு இது. என் பெயரில் உள்ள ஃபாரம் எல்லாம் ரத்து. அந்த வீடுகள் ஜூனில் மறுபடி எழுத வேண்டும். பாஸானால் எனக்கு நம்பர் உண்டு, தடை இல்லை. அப்பா இனி யாருக்கும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பழையது எதையும் கிளற மாட்டார்கள். அப்பா தன் சொந்தப் பேனாவை எடுத்துப் போட்டார். ஓரக் குறிப்புகளை நான் நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ரத்தான தாளைப் படிக்கக் கூடாது என்று விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்றார் தலைவர்.

நேற்று முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து எழுதினோம். அவர் வாசிக்க நான் எழுதினேன். மூன்று இடத்தில் நிறுத்தினார். இதில் எனக்கே சந்தேகம், நீ பார்த்துச் சொல்லு என்றார். ஒருத்தருக்கு ஆறு வருஷமாக வயிற்றுப்புண் என்று மருந்து கொடுத்திருக்கிறார். அறிகுறிகளைச் சொல்லச் சொல்ல, அது வயிற்றுப்புண் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்துவிட்டது. "நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றார். இல்லை என்று சொல்ல வந்தேன். சரி என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த பெயரைப் படிங்கப்பா என்றேன்.

அவர் நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறார். அந்த வயிற்றுக்காரரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என் கடிதம் உன் பெயருக்குத்தானே வந்தது? அப்பாவுக்குத் தேதி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவனையே கேள் என்றார். கேட்கிறேன். எனக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டியிருக்கிறது. சரடு இல்லாத கடிதம்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

அப்பா வந்து சேர்ந்தார். வயிற்றுக்காரர் அவர் வீட்டு ஆட்களோடு நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். போக மாட்டேன் என்று அடம் பிடித்தார். நான் தப்பா பார்த்துட்டேன், போங்க என்று அப்பாவே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இனி என் விஷயம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் ஜோக்கெல்லாம் ஊசிப்போய்க் கிடக்கிறது.

நான் போனது இரண்டே வீடு. முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது தையல்காரர். ஏழாம் கட்டத்தைக் கேட்டதும் அவர் தைப்பதை நிறுத்தாமலே, "உங்கப்பா பேரை எழுது, இதுல என்ன கேள்வி" என்றார். அப்படி எழுதக் கூடாதாம், டாக்டர் பெயர்தான் எழுத வேண்டுமாம் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ உங்கப்பா யாருடா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான், அக்கா. ஃபாரக் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டேன்.

தாடிக்காரர், முடிவெட்டும் அண்ணன், மாமியார் எல்லாரையும் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பெற்றெடுத்தேன். பள்ளி மணி மட்டும் நிஜம்.

கட்டை அப்பா பெருக்கும்போது கண்டுபிடித்தார். திட்டவில்லை. எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பேனாவையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐந்து நாள். ஒரு நாள் நான் பின்னாலேயே மறைந்து மறைந்து போனேன். மூன்றாம் வீட்டுத் தாத்தா அவரைக் கண்டதும் பழக்கத்தில் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். உள்ளே போடுங்க, நான் இப்போ எழுத வந்தவன் என்றார் அப்பா. எல்லாரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். அது முடியாது என்றதும் உன் பெயரைச் சொன்னார்கள். அவ இன்னும் பாஸாகலை என்று வீட்டுக்கு வீடு சொன்னார். அதுவரைக்கும் நாங்க உடம்பைப் பார்த்துக்கறோம் என்றார்கள். இதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற ஆளும் இல்லை.

உன் கவுன்சில் கடிதம் வந்தபோது, அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் உன்னையும் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி போக்கிரி வேஷம்தான். நீ அவர் கையெழுத்தைக் கண்டுபிடிப்பாய் என்று தோன்றவில்லை. உன் மார்ச் கடிதம் வந்த அன்று பதில் எழுத நாலு தாள் கிழித்தேன். அப்பாவைத் தந்திரமாக ரயிலேற்றினேன் என்று அம்மாவிடம் அளந்திருக்கிறேன். அவள் உனக்கு அப்படி எழுதியிருந்தால் நம்பாதே. கடிதத்தை அவர் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்.

நம் வீட்டு ஃபாரத்தை அப்பா எழுதவில்லை. வெட்கப்பட்டாரோ என்னவோ, இதை மட்டும் நீ எழுது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். மொத்தத் தெருவிலும் நான் எழுதிய ஃபாரம் அது ஒன்றுதான். ஏழாம் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காய்ச்சல் வந்தபோதெல்லாம் என் நெற்றியில் கை வைத்தது யார் என்று கேட்டால் கோடு போட வரவில்லை. அப்பாவின் பெயரை, முழுப் பெயரை, கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாக எழுதிவிட்டேன்.

உன் பெயரில் இருந்ததெல்லாம் ரத்து என்கிறாய். நேற்று சுகாதார ஆபீசிலிருந்து நம் வீட்டுக்கு மட்டும் அட்டை வந்திருக்கிறது. அட்டையில் முத்திரை குத்தி, 'முன்பு பார்த்த மருத்துவர்' என்ற இடத்தில் அப்பா பெயர். யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இது குற்றமா, அக்கா? ஆபீசுக்குச் சொல்ல வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா? அப்பாவிடம் காட்டலாமா? நேற்றிலிருந்து பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தது என்று நீ யோசிப்பாய். யோசிக்காதே, சொல்லிவிடுகிறேன். முதலில் உன் பெயரை எழுதிப் பழகினேன் என்று அளந்தேன் அல்லவா? எழுதவில்லை. தெரு முழுக்க உன் பெயரைச் சொன்னபோது, உன் கூடப்பிறந்தவன் எட்டாம் கட்டத்தில் எழுதியது பாலத்துக்கு அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் பெயர். போன லீவில் நீ பழகிப் பார்க்க என் கையில் ஒரு ஊசி போட்டாய், மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. அவருக்குக் கை லேசு என்கிறார்கள்.

ஜூனில் மாற்றிக்கொள்ளலாமாம். யோசித்துச் சொல்கிறேன். ஊசிக்குப் பயந்தேன் என்று மட்டும் என் வகுப்புக்காரர்கள் யாரிடமும் சொல்லிவிடாதே.

வாலு